மூன்றாவது சகோதரர்

ரகசியச் சடங்குகள் நடத்தும் அந்தப் பழைய சகோதர சங்கத்தில் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் பல் டாக்டர், மற்றவர் தையல்காரர். டாக்டர் கட்டியது தையல்காரரின் தங்கையை. சங்கக் கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்ததும், அதைச் சரிசெய்யச் சடங்குச் சாமான்களை விற்றுவிடலாம் என்று பழம்பொருள் கடைக்காரியை வரச் சொன்னார்கள்.

வந்தவளை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

"உறுப்பினர் தவிர யாரும் அதையெல்லாம் பார்க்கக் கூடாதும்மா," என்றார் டாக்டர்.

"பார்க்காம எப்படிங்க விலை சொல்றது?"

இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

"இவங்களைச் சேர்த்துக்க வேண்டியதுதான், மாப்ள," என்றார் தையல்காரர்.

"விதியில சகோதரர்னுல்ல இருக்கு, மச்சான்?"

"பொம்பளை கூடாதுன்னு எங்கயும் இல்லையே."

சரக்கைப் பார்க்காமல் திரும்பும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஒப்புக்கொண்டாள். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, மழுங்கிய வாளை நெஞ்சில் வைத்தார்கள். பிறகு பழைய ஆள் செத்துப் புது சகோதரர் பிறப்பதற்காக, சவப்பெட்டியில் படுக்கச் சொன்னார்கள். தடவிப் பார்த்தாள். தேக்கு. உள்ளே வெல்வெட்.

அடுத்த வாசகம் தையல்காரருக்கு மறந்துவிட்டது. டாக்டர் எடுத்துக் கொடுத்தார். அது தப்பு என்றார் தையல்காரர். வாக்குவாதம் வளர்ந்தது. ஒருவழியாக முடிந்து, "எழுந்திரு, சகோதரரே!" என்றபோது அவள் அசையவில்லை.

தையல்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பதறிப்போய்ப் பழக்க தோஷத்தில் அவள் வாயைத் திறந்து பார்த்தார்.

அவள் விழித்தாள். "மன்னிச்சுக்குங்க. வீட்ல பேரக் குழந்தை தூங்க விடறதில்ல."

கடைசியில் உறுதிமொழி. தையல்காரர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள்: "சங்கத்தின் பொருட்களை விற்கவோ வாங்கவோ மாட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. "அப்ப நான் எப்படிங்க வாங்கறது?"

"முடியாதே," என்றார் டாக்டர்.

"நீங்க எப்படி விக்கறதா இருந்தீங்க?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "நாங்க உறுதிமொழி எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சும்மா."

அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் அவளை எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. அந்த வாரமே தனக்குத் தெரிந்த கொத்தனாரை அனுப்பிக் கூரையைச் சரிசெய்ய வைத்தாள்.

அடுத்த கூட்டத்தில், புதிய உறுப்பினர் வாளோடு வெளியே காவல் நிற்க வேண்டும் என்றார்கள். நின்றாள். உள்ளே மச்சானும் மாப்பிள்ளையும் எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள். தெருவில் போன ஒருவர் நின்று, மருந்துக் கடை எங்கே என்று கேட்டார்.

வாளால் இடப்பக்கம் காட்டினாள்.