பெரியவர் நிற்கும் வழி

மூங்கில் ஒடிகிற சத்தம் மறுபடியும் கேட்கிறது, மகள் கோகிலாவின் வாயைப் பொத்திக்கொண்டு பாறைக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள் மருதி, நாற்பதடி தள்ளி வழியை அடைத்து நிற்கிறார் பெரியவர், ஆற அமரத் தும்பிக்கையால் மூங்கிலை இழுத்து மென்றுகொண்டிருக்கிறார், அவருக்கென்ன, ஒன்பதரைக்கு மணியடிக்கிற பள்ளிக்கூடமா இருக்கிறது. நேரமாச்சும்மா, என்று உள்ளங்கைக்குள் முனகுகிறது பிள்ளை, பேசாத இருடி, அவரு போகட்டும், என்கிறாள் மருதி. காட்டுக்குள் இருக்கும் அவர்கள் பதியில் எல்லோருக்கும் அவர் பெரியவர்தான், காட்டிலானாலும் ஊரிலானாலும் அவருடைய நிஜப் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கூப்பிட்ட மாதிரி, கூப்பிட்டால் வந்துவிடுவார், மருதியின் அப்பன் விளையாட்டாக ஒரே ஒரு தடவை சொன்னான், மறுநாள் தேனெடுக்கப் போனவனின் வேட்டிதான் கிடைத்தது, அந்த வேட்டி வந்த மாதமே அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள், இதோ சுவரில் படம், படத்தின் மேல் பிரம்பு நுனி, இது என்ன சொல்லு, ஏழு வயது மருதி படத்தையே பார்க்கிறாள், காட்டுல கெடக்கறவளுக்கு இதுகூடத் தெரியலையா, வாத்தியார் சிரிக்க வகுப்பே சிரிக்கிறது, தெரியுமுங் சார், அவரு மூச்சு விட்டாலே எனக்குத் தெரியும், சொன்னா எங்கம்மாளும் போயிருவாளுங் சார், ஒன்றும் வெளியே வரவில்லை, பிரம்பு விழுந்தது, மறுநாள் அவள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான் அவள் படிப்பு. பதிக்கு வந்துகொண்டிருந்த பள்ளி வேன் நின்றுபோன நாளிலிருந்து தினமும் ஐந்து கிலோமீட்டர் மகளைக் கூட்டி வருகிறாள், ஆனால் பள்ளிக் கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை, இன்றைக்கும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறாள்.

ஆமாம், கேட்டுக்கு வந்துவிட்டார்கள், பெரியவர் எப்போது நகர்ந்தார், எப்படி ஓடி வந்தார்கள் என்பதே நினைவில்லை, மணி பதினொன்று, கோகிலா கையை விட மாட்டேன் என்கிறாள், நீயும் வாம்மா, இன்னொருக்கா லேட்டானா வீட்டுல இருந்து ஆளு வந்து காரணம் சொல்லோணுமாமா, இல்லீனா பேர எடுத்துருவாங்களாமா.

உள்ளே போனாள். எதுக்கும்மா லேட்டு, என்கிறார் டீச்சர், பெரியவரு வழியில நின்னுட்டாருங்க, யாரு, உங்க மாமனாரா, உங்க வீட்டுச் சண்டைக்கெல்லாம் நான் வருகை போட முடியுமா. வகுப்பு சிரிக்கிறது, அதே சிரிப்பு, இருபது வருஷம் எங்கே போயிருந்ததோ, பேரை அடிக்க டீச்சர் பேனாவைத் திறந்துவிட்டார், கோகிலா அம்மாவைப் பார்க்கிறாள், பேனாவைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள், பிள்ளை சொல்லப்போகிறது, மருதி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள், பொத்திக்கொண்டு தானே சொன்னாள்.

யானைங்க.

வாயிலிருந்து அது இவ்வளவு சுலபமாக விழும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, போ, போய் உட்காரு, என்று டீச்சர் வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் கோடு இழுத்தார், கோகிலா தன் இடத்துக்கு ஓடினாள். பிள்ளை சொல்லவில்லை, அது போதும், கூப்பிட்டது நான்தான், வரட்டும், என்னிடமே வரட்டும் என்று மருதி தனக்குள் சொல்லிக்கொண்டாள், சொன்னாலும் பயம் போகவில்லை, ஜன்னலுக்கு வெளியே காடு அசையாமல் நின்றது. வாசல்வரை போனவள் திரும்பி மகளிடம் வந்து குனிந்தாள்.

சாயங்காலம் நான் வரலீன்னா வழியில எறங்கிராத கண்ணு, டீச்சரு கூடவே இரு.