சாம்பல் வானத்தில் கோடுகள்

மார்ச் 14, வியாழன், பகல் பதினொன்றே முக்கால். மூன்றாம் மாடி அறையில் ஏழாவது பிரதியிலும் கோடுகள் விழுந்திருந்தன.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமையில் அவை தெரியவில்லை. துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பின்னால், பனி மூடிய வானத்தில்தான் சீப்பால் வாரியது போல மயிரிழை மயிரிழையாக ஓடின. படம் எடுத்தவள் ஜன்னலுக்கும் பிரிண்டருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான்கு மணிக்குள் ஆறு படங்களைக் கண்காட்சி அரங்கில் கொடுத்தாக வேண்டும். மூன்று வருடம் விண்ணப்பித்துக் கிடைத்த சுவர் அது.

“அக்கா, உட்காரேன். நீ நடந்த நடைக்கு இந்நேரம் துறைமுகத்துக்கே போய் மறுபடி படம் எடுத்திருக்கலாம்” என்றாள் தங்கை. அறையும் பிரிண்டரும் அவளுடையவை.

“வாயை மூடிட்டு பிரிண்டர் ஹெட்டை இன்னொரு தடவை கிளீன் பண்ணுடி.”

“மூணு தடவை பண்ணியாச்சு. மை என்ன, குழாய்த் தண்ணியா?”

தங்கை சோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். ஹெட்டில் மை வரும் ஒரு துளைகூட அடைபடவில்லை. காகித வகையும் சரி. கணினியில் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“அதிவேகத்துல டிக் போட்டது யாரு?”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். “காலைல நான்தான். சீக்கிரம் முடியுமேன்னு...”

“முடிஞ்சுது போ. இதுல ஹெட் போகும்போதும் அடிக்கும், வரும்போதும் அடிக்கும். ரெண்டும் இம்மி விலகினாலும் சாம்பல் காட்டிக் குடுத்துடும். கலர் படமா இருந்தா தப்பிச்சிருப்பே.”

டிக்கை எடுத்துவிட்டு, வானத்தில் ஒரு துண்டை மட்டும் அச்சிட்டாள். கோடு இல்லை. ஆனால் முழுப் படத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்றது திரை. அக்கா விரல்விட்டு எண்ணினாள். காயவிட்டு எடுத்துப்போக, நாலு படத்துக்குத்தான் நேரம் இருந்தது.

“மீதி ரெண்டையும் கோட்டோடயே குடுத்துடேன். யாரு கண்டுபிடிக்கப்போறா?” என்றாள் தங்கை.

“மூக்கு ஒட்ட நின்னு பாக்குறவங்கதான் அங்க வருவாங்க. நாலே போதும். எந்த ரெண்டை விடறதுன்னுதான்...” முடிக்காமல் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

“பெத்த பிள்ளைங்கள்ல எதை விடறதுங்கிற மாதிரி முழிக்காதே. சொல்லு, நிமிஷம் ஓடுது.”

மூன்று ஐம்பதுக்கு நான்கு படங்கள் அரங்கின் மேசையில் வைக்கப்பட்டன. பொறுப்பாளர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். மீதி இரண்டு படங்களுக்கான இடம் வேறொருவருக்குத் தரப்பட்டது.