ஓடாத லேத்தின் சத்தம்

...இல்லை, அந்த இடத்தில் சத்தம் வரக் கூடாது, வகுப்புத் திரையில் தெரிவது லேத் வாத்தியாரின் சொந்த விரல்தான், கடைந்த இரும்புத் தண்டைத் தடவி வழவழப்புப் பார்க்கிறது, கூடவே இரும்பு கடையும் லேத் ஓடுகிற இரைச்சல்... படம் எடுத்த அன்று லேத் ஓடவே இல்லையே? ஓடினால் பேச்சு கேட்காது என்று நிறுத்திவைத்துத்தானே எடுத்தார், பிறகு மைத்துனன் கணினியில் வெட்டி ஒட்டிக் கொடுத்தான், ஊமைப் படம் மாதிரி இருக்கு மாமா, சத்தம் சேர்த்துடறேன் என்றான், இவரும் பெரிய சினிமாக்காரர் மாதிரி தலையாட்டினார், முழுதாக ஒரு முறை போட்டுக்கூடப் பார்க்கவில்லை, புத்தி புல் மேயப் போயிருந்தது, பார்ப்பவர்கள் ஓடும்போதே தொடலாம் என்றல்லவா நினைப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பரவாயில்லை, இன்னும் மெஷினைத் தொடாதவர்கள், இப்போதே திருத்திவிடலாம்... மற்றப் பிரிவு? அவர்கள் கைப்பேசிக்குப் போன வாரமே அனுப்பியாயிற்று, இன்றைக்குத்தான் முதன்முதலாக லேத்தில் கை வைக்கிறார்கள், இதோ இந்த நேரத்தில், ஐயோ.

படம் ஓடிக்கொண்டிருக்க வெளியே வந்துவிட்டார், நடையா ஓட்டமா அவருக்கே தெரியவில்லை, பன்னிரண்டு லேத்துக்கு ஒரே ஓர் உதவி வாத்தியார், அவர் எத்தனை கையைப் பார்ப்பார், பழைய தொழிற்சாலையில் ஒருவருடைய கை... வேண்டாம், அதை நினைக்காதே, பட்டறையில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அது நல்லதா கெட்டதா, ஏதாவது நடந்திருந்தால் நிறுத்தியிருப்பார்களே, நடக்கப்போவதாக இருந்தால்? கதவைத் தள்ளினார். மூன்றாவது லேத்தில் ஒரு மாணவி குனிந்து, சுற்றுகிற தண்டை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தாள், அவரைப் போலவே, சுண்டு விரலைச் சற்று மடக்கி. கத்தினால் திடுக்கிட்டுக் கை தண்டில் பட்டுவிடும். சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அடித்து இறக்கினார். பன்னிரண்டும் முனகி நின்றன. அவள் விரல் காற்றில் நின்றது, முழுதாக.

“வீடியோல நீங்க ஓடும்போதேதானே சார் தடவிப் பாத்தீங்க?”

படத்தில் தப்பு இருக்கிறது, எல்லாரும் இப்பவே அழித்துவிடுங்கள் என்றார், குரல் யாருடையதோ போல இருந்தது. எல்லாரும் கைப்பேசியை எடுத்தார்கள், அவள் மட்டும் எடுக்கவில்லை.

“எங்க அண்ணனுக்கு அனுப்பிட்டேன் சார். வேற ஊர்ல இதே லேத் படிப்புதான் படிக்கிறான். அவங்க சாரைவிட நீங்க நல்லா சொல்லித் தர்றீங்கன்னு அந்தக் கிளாஸே உங்களைத்தான் பாக்குதாம்.”

அண்ணனுக்கு இன்றைக்குப் பட்டறை வகுப்பா என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயமாக இருந்தது.