மணி நின்ற பிறகு

மணி நின்றது. பட்டறையில் எல்லோரும் மறுபடி வேலையில் இறங்கினார்கள்.

ஷைனிக்கு மட்டும் கை ஓடவில்லை. கண்ணாடி அறைக்குள், அவள் முன்னிருந்த திரையில் எண்ணெய்த் தொட்டியின் வெப்பம் 101. வரம்பு 95. தாண்டினால் மணி அடிக்க வேண்டும். அதற்கு புரோகிராம் எழுதியவள் அவள்தான். இந்த வாரம்தான் ஓடத் தொடங்கியது.

காக்களூரில் கியர்களைப் பதப்படுத்தும் பட்டறை அது. உலையில் சிவந்த கியர்களைக் கூடையோடு எண்ணெயில் இறக்குவார்கள். மணி அடித்தால் கூடை அந்தரத்தில் நிற்கும். மணி நின்றால் இறங்கும். அந்த இரைச்சலில் திரையை யாரும் பார்ப்பதில்லை. மணிதான் மேஸ்திரி.

102.

சென்சார் ஒயரை ஆட்டிப் பார்த்தாள். 103. சற்று முன் 97க்கும் 99க்கும் அடித்த மணி. இப்போது ஏன் வாயடைத்தது? உட்கார முடியவில்லை. நின்றபடியே ஒரு வரி தட்டினாள்: இந்த மதிப்பு எந்த வகை?

‘ஸ்ட்ரிங்’ என்றது திரை.

எண் இல்லை, வெறும் எழுத்து. வரம்பும் அப்படியே. எழுத்தாக ஒப்பிட்டால் முதல் எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடும். 9ஐவிட 1 சிறியது. ஆகவே 95ஐவிட 103 சிறியது. அவள் 96 வரைதான் சோதித்திருந்தாள்.

திருத்த ஒரு வரி போதும். ஆனால் வெளியே, கூடையை இறக்கும் எட்வர்ட் செயினைப் பிடித்துவிட்டார்.

ஓடினாள்.

"அண்ணே, எறக்காத. பத்திக்கும்."

"இன்னாம்மா சொல்ற? மணி நின்னுச்சே."

"மணி பொய் சொல்லுது. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

எட்வர்ட் கூடையை மேலேற்றினார். தொட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"நேத்தும் இப்டித்தான் நின்னுச்சு," என்றார். "எறக்கினேன்."

உலையடியில் நின்ற குணா சிரித்தான். "சோத்துக்குப் போலாமா மேடம், இல்ல அதுக்கும் மணி அடிப்பியா?"

ஷைனி அறைக்குப் போய் வெப்பம், வரம்பு இரண்டையும் எண்ணாக மாற்றினாள். மணி உடனே அலறியது. எண்ணெய் ஆறும்வரை அலறியது. 95இல் நின்றது.

யாரும் அசையவில்லை. எட்வர்ட் செயினைத் தொடாமல் கண்ணாடி அறையைப் பார்த்தார். ஷைனி திரையிடம் வகையை மறுபடி கேட்டாள். ‘ஃப்ளோட்’, எண்தான். இன்னொரு முறை கேட்டாள். பிறகு தலையாட்டினாள்.

"அங்க உக்காந்துகினு தலையாட்டாத," என்றார் எட்வர்ட். "இங்க வந்து நில்லு."

அவள் வந்து தொட்டியருகே நின்றாள். கூடை இறங்கியது.