மூலையில் இட்ட மஞ்சள்

ஊரப்பாக்கம் இரயில் நிலையத்திற்குப் பின்புறத் தெருவில் குடியிருந்த ஜோதிலட்சுமி, இணையச் சந்தை ஒன்றில் பருத்திப் புடைவை விற்கத் தொடங்கி எழுபது நாள்கள்தாம் ஆகியிருந்தன. அதற்குள் அவளுடைய கடையின்மீது இரண்டு குற்றங்கள் பதிவாகிவிட்டன. மூன்றாவதும் பதிவானால் கடை நிலையாக மூடப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்திருந்தது.

அக்கடையை இழந்தால் அவளுக்கு வேறு வழியில்லை. பதினோராண்டுகள் ஒரு துணிக்கடையில் நின்றபடியே வேலை செய்ததனால் அவளுடைய கால் நரம்புகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தன. இனி நின்று செய்யும் வேலை கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்வதற்கு அவள் கண்டடைந்த ஒரே தொழில் இதுதான்.

இரண்டு குற்றங்களும் ஒரே வாசகத்தில் இருந்தன: "பயன்படுத்தப்பட்ட துணி. கறை உள்ளது."

"பழசாம்க்கா! உறை பிரிக்காத புடவைய அனுப்பினேன், பழசுன்றான்!" என்று எதிர்வீட்டு ஜாக்குலினிடம் கைப்பேசியை நீட்டினாள். ஜாக்குலின் மூன்றாண்டுகளாகக் குழந்தைகளின் கவுன்களை இணையத்தில் விற்பவள். போபாலிலிருந்து வாங்கியவர் அனுப்பியிருந்த படத்தை இரு விரல்களால் விரித்துப் பார்த்தாள்.

"இன்னாம்மே இது? மூலையில மஞ்சளா கீதே!"

"மஞ்சள்தான். நான்தான் வெச்சேன்."

"நீ வெச்சியா?"

"புதுத்துணிய மஞ்சள் வெக்காம எப்டிக்கா குடுக்கறது? கட்டறவ நல்லா இருக்கணும்னுதானே வெக்கறேன்."

ஜாக்குலின் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "நாங்ககூடத்தான் புதுத்துணிக்குச் சிலுவ போட்டுக் கட்டுவோம். அதுக்காவ நான் அனுப்பற கவுனுல எல்லாம் சிலுவ போட்டுகினா கீறேன்? போபால்ல கீறவளுக்கு அது மஞ்சளா, கொழம்பு சிந்தினதான்னு இன்னா தெரியும்?"

போபாலில் இருப்பவளுக்குத் தெரியாதுதான் என்று ஜோதிலட்சுமிக்கும் பட்டது. ஆயினும் சினம் தணியவில்லை. பிறர் நலம் வேண்டி இட்ட மங்கலத்தை அழுக்கு என்று எழுதியவர், ஒரு சொல் கேட்டிருக்கலாகாதா? கேட்பதற்கு அந்தச் செயலியில் இடமே இல்லை. குற்றம் சொல்வதற்கு மட்டும் ஆறு பொத்தான்கள் இருந்தன.

"மூஞ்சிய தூக்காத, கேளு," என்றாள் ஜாக்குலின். "வெயில் வெளிச்சத்துல போட்டோ எடு. டியூப்லைட்ல எடுத்தா பச்ச நீலமா தெரியும், கலர் வேறன்னு திருப்பி வுட்டுருவாங்க. நீளத்த டேப்பு வெச்சு அளந்து போடு. மடிக்கறதுலேர்ந்து ஒட்டற வரிக்கும் வீடியோ எடு. திரும்பி வர்றதப் பிரிக்கறப்பவும் எடு. துணியில இன்னா இருந்தாலும் மொதல்லயே எழுதிடு. எழுதிட்டா அப்புறம் எவனும் வாயத் தொறக்க முடியாது. அந்த மஞ்சள மட்டும் வுட்டுத் தொலை."

சொன்னவை அனைத்தையும் ஜோதிலட்சுமி அன்றுமுதல் கடைப்பிடித்தாள். மஞ்சளை விடுவதற்கு மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. பொட்டளவைக் கடுகளவாகக் குறைத்தாள்; இடுப்பில் செருகும் உள்தலைப்பின் ஓரத்தில், எவர் கண்ணிலும் படாதபடி இட்டாள். அவள் இடுவதையும் காணொளி தவறாமல் பதிவுசெய்தது.

மூன்று வாரம் சென்றபின், நாகபுரிக்கு அனுப்பிய பச்சைப் புடைவை திரும்பி வந்தது. "மனம் மாறிவிட்டது" என்று மட்டுமே காரணம் குறிக்கப்பட்டிருந்தது. பொதியைக் கொண்டுவந்த சின்னராசு வண்டியை விட்டு இறங்கவுமில்லை.

"ஓடிபி சொல்லுக்கா. இன்னும் நாப்பது பார்சல் கீது."

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"அப்டியெல்லாம் கெடையாதுக்கா. ஓடிபி சொன்னாத்தான் பார்சல்."

"அண்ணாத்த, ரெண்டு நிமிசத்துல உன் வண்டி துருப்பிடிச்சிடாது. எறங்கு," என்று ஜாக்குலின் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

உறையைக் கிழித்தார்கள். உள்ளே இருந்ததும் பச்சைப் புடைவைதான். ஆனால் பலமுறை துவைத்து வெளிறியது. கீழ்க்கரை நெடுக ஃபால்ஸ் தைக்கப்பட்டிருந்தது. தோள்பட்டை வரும் இடத்தில் ஊசி குத்திய துளைகள். முகர்ந்த ஜாக்குலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோதிலட்சுமி உள்தலைப்பைத் தேடி எடுத்து நான்கு மூலைகளையும் கைப்பேசிக்குக் காட்டினாள். மஞ்சள் இல்லை.

"என் புடவைய வெச்சுகினு அவ புடவைய அனுப்பிகிறா!"

சின்னராசு எட்டிப் பார்த்தான். "அநியாயம்தான்க்கா. ஆனா பிரிச்சத நான் திருப்பி எடுத்துகினு போனா எனக்குப் பேஜாரு. நீதான் வீடியோ எடுத்துகினியே."

அவன்மீது பிழையில்லை என்று கருதி எண்ணைச் சொல்லி அனுப்பினாள். பின்பு ஒலிபெருக்கியைப் போட்டு, நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். இருபது நிமிடம் இசை கேட்டபின் ஓர் ஆண்குரல் வந்தது.

"நீங்க பேக் பண்ணின வீடியோவை அனுப்புங்க மேடம். கிளெய்ம் கன்சிடர் பண்ணுவாங்க."

"அனுப்பறேன். என் புடவையில மஞ்சள் வெச்சது அதுலயே கீது. வந்ததுல மஞ்சளே இல்ல."

"மஞ்சள் நீங்களே வெச்சீங்களா மேடம்? அப்போ கறையோட அனுப்பினதா நீங்களே ஒத்துக்கிற மாதிரி ஆயிடும். அது மூணாவது ஸ்டிரைக், கடைய மூடிடுவாங்க."

"அனுப்பாட்டி?"

"ஒண்ணும் ஆகாது மேடம். ரிட்டர்ன் நார்மலா க்ளோஸ் ஆயிடும். வந்த புடவை புதுசுன்னுதான் சிஸ்டத்துல இருக்கு. திரும்ப லிஸ்ட் பண்ணி வித்துக்கலாம்."

ஜோதிலட்சுமி பேச்சைத் துண்டித்தாள்.

"வுடும்மே," என்றாள் ஜாக்குலின். "ஒரு புடவ போனா போவுது. கடை நிக்குதுல்ல?"

"கேட்டியாக்கா அவன் சொன்னத? நான் குடுத்த புதுசு, மஞ்சள் பட்டதால பழசாம். அவ கட்டிக் கிழிச்சு அனுப்பினது புதுசாம். இத்தப் போயி இன்னொருத்திக்குப் புதுசுன்னு விக்கணுமாம்! நான் வாய மூடிகினா நானும் இத்தப் புதுசுன்னு சொன்னவதானே?"

"அனுப்பினா கடைய மூடிடுவான். அப்புறம் இந்தக் கால வெச்சுகினு எங்க போயி நிப்ப?"

ஜோதிலட்சுமி தன் கால்களைப் பார்த்தாள். பின்பு இரண்டு காணொளிகளையும் அனுப்பினாள்.

நான்காம் நாள் விடை வந்தது. முதற்பத்தி, புடைவை மாற்றப்பட்டது உண்மையே என்று ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பத்தி, விற்பனைப் பொருளில் கறை ஏற்படுத்தியதை ஒப்புக்கொண்டமையால் கடை மூடப்படுகிறது என்றது. மாற்றி அனுப்பியவரைப்பற்றி எந்தப் பத்தியிலும் ஒரு சொல்லும் இல்லை.

ஜோதிலட்சுமி அன்று முழுதும் சமைக்கவில்லை. மாலையில் ஜாக்குலின் வீட்டுக்குப் போய், "வேற சந்தை எதுனா இருந்தா சொல்லுக்கா," என்றாள்.

இருவரும் வேறொரு செயலியில் கடை திறந்தார்கள். படங்களை ஏற்றி, நீளத்தை எழுதி, நிறத்தை எழுதியபின், விளக்கத்தின் முதல்வரியை ஜோதிலட்சுமி தானே தட்டச்சு செய்தாள்:

"இப்புடைவையின் உள்தலைப்பில் மஞ்சள் இடப்பட்டிருக்கும். புதுத்துணிக்கு மங்கலமாக இடுவது எங்கள் வழக்கம். துவைத்து வெயிலில் உலர்த்தினால் மறையும். விரும்பாதவர் வாங்க வேண்டா."

ஜாக்குலின் தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தப் படிச்சா எவ வாங்குவா?"

"நீதானக்கா சொன்ன, இன்னா இருந்தாலும் மொதல்லயே எழுதிடுன்னு? வாங்கறவ வாங்கட்டும். வாங்கினப்புறம் கறைன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், பாக்கலாம்."

ஒன்பது நாள் எவரும் வாங்கவில்லை. பத்தாம் நாள் ஓசூரிலிருந்து ஒருவர் ஒரு நீலப் புடைவையைக் கேட்டிருந்தார். ஜோதிலட்சுமி காலை முக்காலியின்மேல் நீட்டி உட்கார்ந்து, புடைவையை மடியில் விரித்து, மஞ்சள் கிண்ணத்தை அருகில் இழுத்தாள். முன்போல் கடுகளவாக இல்லாமல், நிறைய ஒரு பொட்டு இட்டாள்.

"வீடியோவ நேரா புடிக்கா," என்றாள். "மஞ்சள் நல்லா தெரியணும்."