பருப்பு வெந்த தண்ணீர்

மேட்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுவளவுக்குக் குடிதண்ணீர் பல வருடங்களாக லாரியில்தான் வருகிறது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறி, மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனபோது, மேற்கே இருக்கும் ரசாயன ஆலைதான் காரணம் என்று முதலில் மனு கொடுத்தவள் சரிதா. அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைப்பவள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரால் வரும் வியாதிகளைச் சொல்லி எத்தனையோ மனு, மறியல். ஒருமுறை போலீஸ் அவளைப் பிடித்துக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். ஆலை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போன ஆவணியில், ஆலையை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள், அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆலை தரப்பு கொடுத்த அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து சரிதா படித்தாள். 'இப்பகுதியின் நிலத்தடி நீர் இயற்கையாகவே நிறமும் உவர்ப்பும் உடையது' என்று அதில் இருந்தது.

கைதானபோதுகூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. நேராக அத்தாயி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அத்தாயி காடு கழனியிலேயே பாடுபட்டு அறுபதைத் தாண்டியவள். கூட்டம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவாள்.

"கெடுத்துப்போட்டோம்னு சொன்னாக்கூடப் பரவால்ல சரிதா. நல்ல தண்ணியே இருந்ததில்லேன்னா எழுதிப்போட்டாங்க?" என்றாள் அத்தாயி.

அன்று மத்தியானம் இருவரும் வேலையைப் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் சரிதா முதல்முதலாக அங்கே பருப்பு வேகவைத்தாள். பிறந்த வீட்டு உப்புத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது; அந்தப் பழக்கத்தில் அடுப்பை எரியவிட்டுவிட்டுத் துணி அலசப் போனாள். திரும்பி வந்தால் பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. மாமியார் திட்டவில்லை. "நம்ம கெணத்துத் தண்ணிக்கு அத்தன தீ வேண்டாங்கண்ணு" என்று சிரித்தார். பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கல்யாணச் சமையலுக்கு அங்கிருந்துதான் வண்டியில் தண்ணீர் கொண்டுபோவார்கள். கோடையில் குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும்.

சொல்லச் சொல்லச் சரிதாவுக்கு ஒன்று தோன்றியது.

"அக்கா, இந்தத் தடவ வியாதியப் பத்தி ஆரும் பேச வேண்டாம். தண்ணி முன்ன எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுவோம். அவங்க எடுத்துப் பாத்ததெல்லாம் கெட்டதுக்குப் பொறவு எடுத்த தண்ணி. அதுக்கு முன்ன குடிச்சவங்க நாமதானே?"

கூட்டத்துக்கு ஆட்சியர் வந்திருந்தார். இளவயதுப் பெண். மேடையில் ஆலையின் சார்பாக நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் காட்டுவளவிலேயே பிறந்து, படித்து, அந்த ஆலையிலேயே அதிகாரி ஆனவர். ஊர் வாயை அடைக்க ஊர்க்காரனையே அனுப்பியிருக்கிறார்கள் என்று சரிதா நினைத்துக்கொண்டாள். அவர் அறிக்கையை நிதானமாக வாசித்தார். நிலத்தடி நீரைப் பற்றிய அந்த வரி வந்தபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எப்போதும்போல் சண்டை வரும் என்று காத்திருந்த போலீஸ்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் கரும்புக்குப் பாய்ச்சிய கதையைச் சொன்னார். இன்னொருவர், ராணுவத்திலிருந்து லீவில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் வாளியைத் தூக்கிக் குடித்ததைச் சொன்னார். சரிதா பருப்பு கூழான கதையைச் சொன்னதும் ஆட்சியரே சிரித்துவிட்டார். கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவை அசைக்காமல் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆலையின் வக்கீல் குறுக்கிட்டார். "இதெல்லாம் பழைய நினைவுகள் மேடம். ஆதாரம் இல்லை."

அப்போது கடைசி வரிசையிலிருந்து அத்தாயி எழுந்தாள். மைக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் சரிதாவைப் பார்த்தாள். சரிதா பிடித்துக்கொண்டாள். அத்தாயி வக்கீலைப் பார்க்கவே இல்லை.

"ஏஞ்சாமி நவநீதா, நீ நீச்ச பழகுனது எங்க?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. நவநீதகிருஷ்ணன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"அது இந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தம் இல்லைங்க" என்று வக்கீல் முந்திக்கொண்டார்.

"அவர் பதில் சொல்லட்டும்" என்றார் ஆட்சியர்.

நவநீதகிருஷ்ணன் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். அதுவரை பேசிய புத்தகத் தமிழ் போய்விட்டது. "ஊர்க் கெணத்துலதாங்கக்கா. எங்கப்பா இடுப்புல சுரைக்குடுக்கையக் கட்டித் தள்ளி உட்டாரு."

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு அவரே சொன்னார்: "அடியில காசு போட்டு முங்கி எடுப்போம். மேலேயிருந்தே தெரியும்."

ஆட்சியர் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

கூட்டம் முடிந்து வாசலில் சரிதா நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள். "இனி உங்களுக்குத் தொந்தரவு வருமுங்களே" என்றாள் அவள்.

"வரும்" என்றார். "ஆனா அந்தக் கேள்விக்கு வேற பதில் சொல்ல எனக்கு வாய் வரலீங்க." காரில் ஏறும்முன் திரும்பி, "உங்க மாமியார் ஊட்டுப் பருப்புச் சோறு நானும் தின்னிருக்கேன்" என்றார்.

மார்கழியில் உத்தரவு வந்தது. நிலத்தடி நீரை வேறொரு நிறுவனம் புதிதாக ஆராய வேண்டும். அதுவரை விரிவாக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆலையை மூடவில்லை. நவநீதகிருஷ்ணனை வடக்கே ஏதோ ஒரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் இன்னும் அதே நிறத்தில்தான் இருக்கிறது.

தை பிறந்ததும் ஆய்வுக்காரர்கள் வந்து கிணற்று மேட்டில் இறங்கினார்கள். கூட்டம் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்லியும் ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கயிற்றில் கட்டிய குப்பி உள்ளே இறங்கும்போது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மேலே வந்த குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்த பெண்ணிடம் அத்தாயி கேட்டாள்: "ஏங்கண்ணு, இது திரும்பத் தெளியுமா?"

"ஆலைக் கழிவு வருவது நின்னா தெளிய வாய்ப்பிருக்கு. ஆனா பல வருஷம் ஆகலாம்" என்றாள் அந்தப் பெண்.

"ஆவட்டும்" என்றாள் அத்தாயி. சரிதா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.