பறக்கும் தட்டின் உள்ளறை

வெயிலுமுத்துவுக்கும் ஆவுடையம்மாளுக்கும் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. தாராவியில் அண்ணன் வேலுச்சாமியின் கோலியில்தான் இருந்தார்கள். கோலி என்றால் ஒற்றை அறை. அதில் அண்ணன், மதினி பேராச்சி, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், அப்புறம் இவர்கள். மதினி ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி இவர்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். சேலைக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் பேசியதெல்லாம் காதோடு காதாகத்தான். பாதி நாள் அதுவும் இல்லை.

வெயிலுமுத்து செம்பூரில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் செட் போடும் தச்சன். 1966இல் அங்கே ஓர் இந்திப் படம் தொடங்கியது. வேற்றுக்கிரகத்து ராணி ஒருத்தி பறக்கும் தட்டில் பம்பாய்க்கு வந்து இறங்குகிற கதை. தட்டின் உட்புறத்தை அமைக்கிற பொறுப்பு ஆர்ட் டைரக்டர் மகாதேவனுடையது. மாட்டுங்காவிலிருந்து வருகிறவர்.

"நம்ம வீடு மாதிரி ஒரு மூலைகூட இருக்கப்படாது, வெயிலுமுத்து. சுவர் எங்க முடியறது, கூரை எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியக்கூடாது" என்றார்.

மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கட்டி, மேலே சாக்கு அடித்து, பிளாஸ்டர் பூசினார்கள். சுரைக்குடுக்கைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முன்பக்கம் விளக்குகளும் முள் ஆடும் மீட்டர்களுமாக ஓட்டுகிற இடம். பணம் போட்ட சேட்டுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பின்னால் ராணியின் உள்ளறை. அதன் சுவர் முழுக்க வெள்ளி நிற ரெக்ஸின், உள்ளே பஞ்சு, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வர வேண்டும் என்று மகாதேவன் வரைந்து காட்டினார். தைக்கிற டெய்லரோ மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போயிருந்தான்.

"என் வீட்டுக்காரி நல்லா தைப்பா, சார்" என்று சொல்லிவிட்டான் வெயிலுமுத்து. சொன்ன பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆவுடை வந்தாள். அவள் தைத்துக் கொடுக்கக் கொடுக்க அவன் ஆணி அடித்தான். சுற்றிலும் ஆட்கள். இரண்டு பேரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை, அதுவும் தணிந்த குரலில்தான். கடைசிச் செதிலையும் அடித்து முடித்த பிறகு, வட்டக் கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அவன் அதை உள்ளிருந்து சாத்தினான். சாத்தியதுமே வெளியே கேட்ட சுத்தியல் சத்தம், இந்திக் கூச்சல் எல்லாம் அடங்கிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பஞ்சு. பட்டர் பேப்பருக்குப் பின்னால் ஒரு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"அடைச்சிட்டியளா? ஒண்ணுமே கேக்கலியே" என்றாள் ஆவுடை.

வெயிலுமுத்து சட்டென்று திரும்பினான். கொஞ்சம் கரகரப்பான, கனத்த குரல். அவன் இதுவரை கேட்டிராத குரல்.

"ஏட்டி, இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"எதையாவது சொல்லு. ஒஞ்சத்தம் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மின்சார ரயிலில் ஏறினால் வயிறு கலங்குகிறது என்றாள். அவனுடைய மீசை அவனுக்குப் பொருந்தவில்லை என்றாள். வந்த புதிதில் அவளுடைய தலையணையைத் தூக்கிச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தானே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்றாள்.

"ஒனக்கு ஒரு சீப்பு வாங்கி வச்சிருக்கேன்" என்றான் அவன். "ஒனக்கு மட்டும் எப்படிக் குடுக்கன்னு தெரியல. மதினிக்கு ஒண்ணு, பிள்ளையளுக்கு ஒண்ணுன்னு வாங்கணுமே."

"நாளைக்கு இங்ஙன கொண்டாங்க."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மகாதேவன்தான். இருவரும் பதறிப்போய் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். உள்ளே வந்தவர் சுவரை அழுத்திப் பார்த்தார். அவர்களையும் பார்த்தார்.

"சேட் இந்த ரூம்லயும் நாலு மிஷின் வைங்கறார். இவ்ளோ நாழி உள்ள இருந்தியேம்மா, உனக்கு என்ன தோணறது? வேற என்ன வேணும் இங்க?"

ஆவுடை தயங்கினாள். "ஒண்ணும் வேண்டாங்க. கதவ உள்ளாற இருந்து தாழ் போட முடியணும். அம்புட்டுதான்."

மகாதேவன் சிரித்துவிட்டார். "தாழ் ஒண்ணு போட்டுடு" என்று வெயிலுமுத்துவிடம் சொன்னவர், போகும்போது, "ரெண்டு இடத்துல தையல் சரியில்ல. அவளை நாளைக்கும் வரச் சொல்லு" என்றார். தையல் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஷூட்டிங் தொடங்குகிறவரை அவள் தினமும் வந்தாள்.

கதைப்படி கடைசியில் கதாநாயகன் தட்டைக் கொளுத்திவிடுகிறான். தனியாக ஒரு பொம்மைத் தட்டு செய்து எரிக்கச் சேட் காசு தரவில்லை. செட்டையே எரித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னது வெயிலுமுத்துவிடம். ஊற்றினான். இதை ஆவுடையிடம் அவன் சொல்லவேயில்லை.

படம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மேட்னி ஷோ போனார்கள். உள்ளறை கொஞ்ச நேரம்தான் திரையில் வந்தது. ராணி அதில் ஒருக்களித்துப் படுத்து அழுதாள்.

"இதுல எங்ஙன உக்காந்து சோறு பொங்குவா?" என்று கேட்டாள் பேராச்சி. பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு தீ வந்தது. வெள்ளிச் செதில்கள் சுருண்டு கருகின. தியேட்டரே விசிலடித்தது. "ஐயோ!" என்று ஆவுடை வாய்விட்டுக் கத்த, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை நிற்கவில்லை. வெயிலுமுத்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அண்ணன் இருப்பது அவனுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

திரும்பி நடக்கும்போது வேலுச்சாமி தம்பிக்காகப் பின்தங்கினார்.

"ஏலே, செம்பூர்ல ஒரு கோலி காலியா கெடக்குன்னு மில்லுல ஒருத்தன் சொன்னான். தகரக் கூரைதான். போய்ப் பாரு."

"எதுக்குண்ணே? நாங்க இங்ஙனயே..."

"பாருன்னா பாரு. நானும் கல்யாணம் கட்டுனவன்தாம்லே."

முன்னால் போய்க்கொண்டிருந்த பேராச்சிக்கும் அது கேட்டுவிட்டது. "போறதுன்னா போங்க. பால் மட்டும் நான்தான் வந்து காய்ச்சுவேன்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இருவரும் செம்பூர் போனார்கள். வீட்டுக்காரர் ஒரு சிந்தி. கதவைத் திறந்துவிட்டு, மழைக்கு ஒழுகும் என்று இந்தியில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வெயிலுமுத்து அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னான்.

ஆவுடை அறையின் நடுவில் போய் நின்று மேலே பார்த்தாள். தகரத்தில் இரண்டு ஓட்டை வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒழுகட்டும். எப்ப வரலாம்னு கேளுங்க" என்றாள்.